அமுங்காத பட்டன்

நாற்பத்திரண்டாவது வயதில் நான் டிரெய்னி ஆனேன். அதற்கு முன் சார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை. விசா, தொழிலாளர் அட்டை, குடும்பத்தை அழைத்து வர அனுமதி என்று எந்தக் காகிதமானாலும் அங்கே முதலில் எங்களைப் போன்ற தட்டச்சுக்காரர்களிடம்தான் வர வேண்டும். விவரம் கேட்டு, அரபியிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்போம். பிறகு எல்லாவற்றையும் போனிலேயே செய்துகொள்ளலாம் என்று ஆனது. கடையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கடைசியில் என்னுடையதும் காலியாகி, நான் தென்காசிக்குத் திரும்பினேன்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செல்போன் கடை வை என்றார்கள். சுரண்டையில் துணிக்கடை வைத்திருக்கும் மச்சான், வந்து கூட நில்லுங்கள், போதும் என்றார். எனக்கு ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் வேலையைத் தின்றது எதுவோ, அதையே கற்றுக்கொண்டால் என்ன? மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேஜையின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்து, யூடியூபைப் பார்த்து வெப்சைட் எழுதக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. டைப்பிங் வேகம் மட்டும் என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

தென்காசியில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். அங்கே நேர்காணல் செய்தவர் வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். டீம் லீடர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். என் சான்றிதழ்களை ஒரு பார்வை பார்த்து மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவியளா?"

"சொல்லுவேன்மா."

"அப்ப திங்கக்கிழமையே வந்துருங்க."

அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க நான் அண்ணாச்சி. நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன். தங்கச்சி என் வேலையில் தப்புக் கண்டுபிடித்தால் நயமாகச் சொல்ல மாட்டார், நேராகச் சொல்லுவார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சில மாதங்கள் மற்றவர்கள் எழுதியதில் சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும் செய்துகொண்டிருந்தேன். வைகாசி முடியும் சமயத்தில் குற்றாலத்திலிருந்து ஒரு அக்கா ஆபீசுக்கு வந்தார். ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் அவருக்கு வாடகைக்கு விடும் அறைகள் இருந்தன. ஏற்கெனவே யாரோ செய்து கொடுத்த ஒரு வெப்சைட்டும் இருந்தது. அதில் வரும் புக்கிங்குகளைப் போனில் எடுத்துக் காட்டிக் காட்டிப் பொருமினார்.

"இங்க பாருங்க பாய். பேருங்கிற எடத்துல 'ஹாய்'னு எழுதி அனுப்பியிருக்கான். இவன் போன் நம்பர்ல பாதிதான் இருக்கு. இன்னொருத்தன் என்னைக்கு வாரான்னே போடல. சீசன் நேரத்துல நான் யாருக்கு ரூம வைக்க, யாருக்கு இல்லன்னு சொல்ல?"

"என்ன பண்ணணும்ங்கிய அக்கா?"

"தப்பா எழுதுனா அனுப்பவே வுடாதிய. அந்தப் பட்டனையே பூட்டிப் போட்டுருங்க."

தங்கச்சி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இத நீங்களே முழுசா பண்ணுங்க. எல்லா கட்டமும் சரியானாதான் பட்டன் உயிரோட வரணும்."

அதுதான் முதல்முறையாக எனக்கென்று வந்த வேலை. பெயர், போன் நம்பர், வரும் தேதி, எத்தனை பேர் என்று கட்டங்கள். அடியில் 'அனுப்பு' என்று ஒரு பட்டன். அந்தப் பட்டன் முதலில் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அழுத்தினாலும் அசையாது. கட்டங்களை நிரப்புகிறவர் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் நான் எழுதிய நிரல் உள்ளே நின்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரி என்று அதற்குத் தோன்றிய அந்தக் கணத்தில் பட்டன் பச்சையாகும், அழுத்தலாம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் முதல் தடவை அது என் கண் முன்னால் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் நம்பரில் ஒரு எண்ணை அழித்தேன், சாம்பல். திரும்பப் போட்டேன், பச்சை. மதியச் சாப்பாட்டை மறந்து அதையே செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பினாள். கடைசி எண்ணைத் தட்டியதும் மகள் கத்தினாள். "வாப்பா, பச்ச வந்துட்டு!"

மனைவி என்னைப் பார்த்தாள். "இத நீங்களா செஞ்சிய? ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

"நல்லாருக்கு" என்றாள். அவள் சாதாரணமாக எதையும் அப்படிச் சொல்லிவிட மாட்டாள்.

சாரல் விழத் தொடங்கிய வாரத்தில் புதிய பக்கம் ஊருக்குத் திறந்தது. முதல் சில நாட்கள் அக்கா சந்தோஷமாக இருந்தார். அரைகுறைப் புக்கிங் ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவது வாரத்தில் போன் செய்தார். குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது.

"பாய், குப்பை நின்னுட்டு. நல்லதும் சேந்து நின்னுட்டு."

"அப்படின்னா?"

"குத்தாலம் பூரா சனம் கூடிக் கெடக்கு. பக்கத்துல எல்லா எடமும் ஃபுல்லு. எனக்கு மட்டும் புக்கிங்கே வர மாட்டேங்கு. நாலஞ்சு பேரு கூப்பிட்டுப் பட்டன் அமுங்கலன்னு சொல்லுதாவ. செத்த பட்டன வச்சு என்ன செய்யங்காவ."

ஆபீசில் எல்லாருமாக அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தோம். புதுப் போன், பழைய போன், கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் பச்சை வந்தது. தங்கச்சி நெற்றியைச் சுருக்கினார். "நம்ம கைக்கு வேலை செய்யுது. அவங்க கைக்கு ஏன் செய்யல?"

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றேன்.

டைப்பிங் சென்டரில் எனக்கு எதிரே எப்போதும் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பேன். இந்தப் படிவத்தை ஒரு முகத்தையும் பார்க்காமல் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் குற்றாலம் போய் இறங்கினேன். தூறிக்கொண்டே இருந்தது. ரோடெல்லாம் ஈரத் துண்டும் எண்ணெய் மினுங்கும் முதுகுமாகக் கூட்டம். அக்காவின் வாசலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு மேஜை, சுவரில் ஒரு போர்டு. 'அறைக்கு இதை ஸ்கேன் செய்யவும்' என்று க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் கொல்லத்துக்காரர். இடுப்பில் துண்டோடு அருவியிலிருந்து நேராக வந்திருந்தார். போனை நீட்டி ஸ்கேன் செய்தார். பெயர் என்ற இடத்தைத் தொட்டதுமே அவருடைய போன் தானாகவே பெயரையும் நம்பரையும் நிரப்பிக் கொடுத்தது. தேதியும் ஆட்களும் போட்டார். பட்டன் சாம்பலாகவே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். விரல் ஈரமாக இருக்கிறதோ என்று துண்டில் துடைத்துவிட்டு அழுத்தினார்.

"இது வர்க் ஆவுன்னில்லல்லோ சேச்சி" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அடுத்த காட்டேஜைப் பார்த்து நடந்தார்.

ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். போனைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய போன் நம்பருக்கு முன்னால் இந்தியாவின் 91-ஐயும் சேர்த்துப் போட்டிருந்தது. என் நிரல் பத்து எண்களுக்கு மேல் இருந்தால் தப்பு என்று முடிவு கட்டியிருந்தது. தப்பு என்று முடிவு கட்டிய அது, அதை அவரிடம் சொல்லவில்லை. பட்டனைப் பூட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

அடுத்து சுரண்டையிலிருந்து ஒரு குடும்பம். வீட்டுக்காரம்மாதான் போனை வைத்திருந்தார். பெயரைத் தமிழில் அழகாகத் தட்டினார். சாம்பல். எழுத்துப்பிழையோ என்று அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தமிழிலேயே தட்டினார். சாம்பல். பெயரில் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். எங்கோ படித்த பாடத்தில் அப்படி இருந்தது, யோசிக்காமல் எடுத்து வைத்திருந்தேன். தென்காசியில் உட்கார்ந்து, குற்றாலத்துக்கென்று எழுதிய படிவத்தில் தமிழ் எழுத்து செல்லாது என்று ஆகியிருந்தது.

அந்த அம்மா கணவரிடம் சொன்னார். "எம் பேர எழுத எனக்கே தெரியலன்னு இது நெனைக்கி போல." எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவதாக வந்தவரை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆய்க்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். கண் பார்வை இல்லாதவர். மடக்குக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதோரம் வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய போன் திரையில் உள்ளதையெல்லாம் படித்துச் சொல்லும். அது படித்த வேகத்துக்கு எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே நிரப்பினார். அடுத்த வாரம் அவருடைய மாமனாரும் மாமியாரும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்களாம். அவர்களுக்கு ஒரு அறை வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல் நின்றது.

"இங்க யாராவது இருக்கியளா?"

"இருக்கேன் சார், சொல்லுங்க" என்று எழுந்து பக்கத்தில் போனேன்.

"இங்கன ஒரு பட்டன் இருக்குன்னு சொல்லுது. கூடவே 'டிசேபிள்டு'ங்குது. முதல்ல என்னையத்தான் சொல்லுதோன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவரே கடகடவென்று சிரித்தார்.

நானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டேன். "ஏன் அப்படிச் சொல்லுதுன்னு ஏதாவது சொல்லுதா சார்?"

"அதான் இல்ல. கதவு பூட்டியிருக்குங்குது. சாவி எங்கன இருக்குன்னு சொல்ல மாட்டேங்கு."

"சார், இத எழுதுனது நான்தான்" என்றேன்.

"அப்படியா! அப்ப நீங்களே சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் மணியாக நிரப்பியிருந்தார். இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி. என் நிரலுக்குப் புள்ளி என்றால் ஆகாது.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சார். உங்க இனிஷியலுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு, அதுதான்."

"எங்கப்பா எழுத்துக்குப் பக்கத்துல புள்ளி வைக்காம வேற என்னத்த வைக்க?"

சார்ஜாவில் எங்கள் கடைக்கு எதிர்ப்புறம் இருந்த அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னல் நினைவுக்கு வந்தது. அங்கே சில நாள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். காகிதத்தை வாங்குவார், பார்ப்பார், வாய் திறக்காமல் திருப்பித் தள்ளிவிடுவார். வெயிலில் வரிசையில் நின்று போனவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பி வருவார். "என்ன தப்புன்னு அவன் சொல்லலியே பாய்" என்பார். நான் அதை வாங்கி வரி வரியாகப் பார்த்து, இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டுவேன். அப்படிக் காட்டுகிறவன் என்றுதான் அந்தத் தெருவில் எனக்குப் பேர். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என்னைத் தேடி வருவார்கள். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது பளிச்சென்று தெரிந்தது.

"சார், சரி பண்ணிட்டு உங்களக் கூப்பிடலாமா? நீங்கதான் போட்டுப் பாத்துச் சொல்லணும்."

"தாராளமா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்தார். "ஆனா நான் நல்லாருக்குன்னு சும்மா சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் வரை நான் அங்கேயே இருந்தேன். க்யூஆர் கோட்டின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு, அக்காவின் மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு நானே புக்கிங் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியரின் மாமனாருக்கும் ஓர் அறை எடுத்து வைத்தோம். அக்கா இரண்டு தடவை சுக்குக் காப்பி கொடுத்தார்.

"பாய், பேசாம நீங்களே இங்க உக்காந்துருங்க. அந்த ஃபாரமே வேண்டாம்."

"வேணும்க்கா" என்றேன். "நான் உக்காந்து கேட்ட மாதிரி அது கேக்கணும். அப்படிச் செஞ்சு தாறேன்."

திங்கட்கிழமை தங்கச்சியிடம் பார்த்ததையெல்லாம் சொன்னேன். 91, தமிழ்ப் பெயர், புள்ளி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தான ரிவியூ பண்ணேன். எனக்கும் தோணலியே. சரி, அந்த மூணையும் திருத்திருங்க."

"திருத்துதேன். ஆனா தங்கச்சி, நாளைக்கு நாலாவதா ஒண்ணு வரும். அது என்னன்னு நமக்கு இப்பத் தெரியாது. பட்டனப் பூட்டுறதே வேண்டாம்."

"அக்காதான பூட்டச் சொன்னாங்க?"

"அவங்க கேட்டது குப்பை வரக்கூடாதுன்னு. பட்டன் எப்பவும் தெறந்தே இருக்கட்டும். அமுக்கட்டும். அமுக்குன பெறகு பாப்போம். தப்பு இருந்தா அனுப்ப மாட்டோம். ஆனா எந்தக் கட்டத்துல என்ன கொறையுதுன்னு சொல்லி, நேரா அங்கன கொண்டு போய் நிறுத்துவோம். கண்ணு தெரியாதவங்க போனும் அதப் படிச்சுச் சொல்லும்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேள்வியாகக் கேட்டார். எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும்போது அமுக்கினால்? முதல் கட்டத்துக்குப் போகும் என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே தப்பு தப்பு என்று கத்துமா? கத்தாது, ஆள் எழுதி முடித்து அடுத்த கட்டத்துக்குப் போகும் வரை பொறுத்திருக்கும் என்றேன். ஒரே ஆள் இரண்டு தடவை அமுக்கினால்? அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். அதற்கு அவரே வழி சொன்னார்.

"ஐந்தருவிப் பக்கம் சிக்னல் கெடைக்காது அண்ணாச்சி. அமுக்கிட்டு ஒண்ணும் நடக்கலன்னு இன்னொரு தடவ அமுக்குவாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு ரூம் போயிரும். அதனால எல்லாம் சரியாகி அனுப்புற அந்த நேரத்துல மட்டும் பூட்டுவோம். 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்'னு சொல்லிட்டுப் பூட்டுவோம்."

"அது ரொம்பச் சரி."

"பண்ணுங்க. நம்ம பக்கத்து சர்வர்லயும் ஒரு தடவ சரிபாக்க வைங்க, பட்டன மட்டும் நம்பக் கூடாது."

நிரலை மாற்றுவது பெரிய வேலையாக இல்லை. எழுதிய வரிகளில் பாதியை அழித்ததுதான் அதிகம். பெயரில் எந்த மொழி எழுத்தும் வரலாம், புள்ளியும் வரலாம், இடைவெளியும் வரலாம். முன்னால் 91 இருந்தால் அதை நிரலே எடுத்துக்கொள்ளும். என்னைப் படுத்தியது வாசகங்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில், தப்பானால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி வர வேண்டும். வீட்டில் வைத்து எழுதினேன். 'தவறான பெயர்.' 'தவறான தொலைபேசி எண்.' 'தவறான தேதி.'

மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள்.

"ஒரு ஆளு பேரப் போயி தவறுன்னு சொல்லுவியளா?"

"பேர் எழுதாம விட்டுட்டா வருத வரி அது."

"அப்ப எழுதலன்னு சொல்லுங்க. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவிய? 'உங்கள் பெயரைச் சொல்லுங்கள்'னு கேட்டா ஆச்சு."

அவளிடமே கேட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். 'போன் நம்பரில் ஏதோ குறைகிறது போலிருக்கிறது. ஒருமுறை பாருங்கள்.' 'இந்தத் தேதி கடந்துவிட்டது. என்றைக்கு வருகிறீர்கள்?' 'எத்தனை பேர் என்று சொன்னால் அறை பார்க்க வசதி.' ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். காதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாள். தங்கச்சி மறுநாள் அந்த வரிகளைப் படித்துவிட்டு, "இத எழுதுனது நீங்க இல்ல" என்று கண்டுபிடித்துவிட்டார். நான் இல்லை, என் வீட்டுக்காரி என்றேன். அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் தொடாதீர்கள் என்றார்.

புதிய படிவம் தயாரான அன்று ஆசிரியருக்குப் போன் செய்தேன். ஆபீசில் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் சுற்றி நின்றோம். அவர் தன் மனைவியின் போனில் எங்களோடு பேசிக்கொண்டே தன் போனில் நிரப்பினார். அது படிக்கும் வேகமான குரல் எங்களுக்கும் கேட்டது. வேண்டுமென்றே போன் நம்பரில் ஒரு எண்ணை விட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார். என் மனைவி சொன்ன வரியை அந்தக் குரல் தமிழில் படித்தது.

"ஓ" என்றார். "நம்பர்க் கட்டத்துக்கே கொண்டு வந்து விட்டுட்டே."

அவர் விட்டுப்போன எண்ணைச் சேர்த்தார், அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் குற்றாலத்திலிருந்து அக்காவின் போன் வந்தது. "பாய், வாத்தியாருகிட்டருந்து ஒண்ணு வந்துருக்கு. இன்னொரு ரூம் கேக்காவளா?"

"சோதனைக்குப் போட்டதுக்கா, அழிச்சிருங்க."

ஸ்பீக்கரில் ஆசிரியர் குறுக்கிட்டார். "அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நானும் வீட்டுக்காரியும் அன்னைக்கு ஒரு ராத்திரி தங்கிக்கிடுதோம். யாரையும் கேக்காம நானே ஒரு ரூம் போட்டேன், அத எதுக்கு அழிக்கணும்?"

தங்கச்சி கை தட்ட ஆரம்பித்தார், எல்லாரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையை பேண்ட் பையில் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சார்ஜாவில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள். இது வேறு மாதிரி இருந்தது. நான் அங்கே இல்லாமலே என் வேலை ஒருவருக்கு வழி காட்டியிருந்தது.

அந்த சீசனில் அக்காவுக்கு அறைகள் காலியாகக் கிடக்கவில்லை. 'ஹாய்' என்ற பெயரில் அரைகுறைப் புக்கிங்கும் வரவில்லை. எல்லாக் கட்டத்தையும் முழுசாக நிரப்பச் சொன்னதும் விளையாட்டுப் பிள்ளைகள் பாதியில் போய்விடுகிறார்கள் போலும். ஆபீசில், இனி எந்தப் படிவமானாலும் பட்டனைப் பூட்டக் கூடாது, என்ன குறை என்று சொல்ல வேண்டும் என்று தங்கச்சி முடிவெடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை நானே விளக்க வேண்டும் என்றார். அரும்பு மீசைப் பையன்களும் பெண்பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்த அறையில், டிரெய்னியான நான் மற்ற டிரெய்னிகளுக்குப் பாடம் எடுத்தேன். கொல்லத்துக்காரர் துண்டில் விரலைத் துடைத்ததைச் செய்து காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நிறையக் கேள்வி கேட்டார்கள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளிக்கப் போனபோது அக்காவின் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினோம். அறை எடுத்துத் தங்கியிருந்த மதுரைக்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவரிடம் அக்கா என்னைக் காட்டிச் சொன்னார். "நீங்க ரூம் போட்டியள்லா, அந்த ஃபாரம், இந்த பாய் பண்ணதுதான்."

"அப்படியா? ரொம்ப லேசா இருந்துச்சுங்க" என்றார் அவர்.

இப்படி யாராவது சொன்னால், சே சே, நான் என்ன செய்தேன், எல்லாரும் சேர்ந்து செய்ததுதான் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வாய் வரைக்கும் வந்தும்விட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "நான்தான் செஞ்சேன். இன்னும் நிறையச் செய்யப் போறேன்."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அருவிச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. கூட்டம் கூடுவதற்குள் குளித்துவிடலாம் என்று மூன்று பேரும் வேகமாக நடந்தோம்.